மீளப் பூசிய விளையாட்டு ரெயிலை அசல் என்று விற்கிறார்கள்: வாங்குவோர் கவனத்திற்கு

கடந்த ஜனவரியில் கொழும்பு காலி வீதியிலுள்ள பழம்பொருள் கடையொன்றில், லிவர்பூலில் தயாரான ஹோர்ன்பி நிறுவனத்தின் விளையாட்டுத் தகர எஞ்சின் ஒன்றை 68,000 ரூபாவுக்கு வாங்கினேன். சாவி கொடுத்து ஓடவிடும், 32 மில்லிமீற்றர் தண்டவாளத்துக்குரிய அந்த எஞ்சின், இங்கிலாந்தின் சதர்ன் ரெயில்வேயின் பச்சை நிறத்தில் இருந்தது. அந்த நிறத்தில் வந்தவை எல்.எம்.எஸ். என்ற இன்னொரு ரெயில் கம்பனியின் சிவப்பைவிட அரிதாகவே கிடைக்கும் என்பதால், விலை கூடுதலாக இருந்தும் நான் தயங்கவில்லை. "பெயின்ற்றில் கைவைக்கவே இல்லை ஐயா, வந்தபடியே இருக்கிறது" என்று கடைக்காரர் இரண்டு தரம் சொன்னார்.

மே மாதத்தில் சுருள்வில் இறுகிப்போகவே, எண்ணெய் விடுவதற்காக மேற்கூட்டைக் கழற்றினேன். சாவித் துளையின் உள்விளிம்பில், பச்சைக்கு அடியில், நூலளவு கருஞ்சிவப்பு தெரிந்தது. பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தபோது மற்றவையும் ஒவ்வொன்றாகப் புலப்பட்டன. தகடுகளைப் பிணைக்கும் சிறு நாக்குகள் நிமிர்த்தப்பட்டு மறுபடி மடிக்கப்பட்டிருந்தன. அந்த மடிப்புகளில் விழுந்த வெடிப்புகளுக்குள்ளும் பச்சை ஓடி உறைந்திருந்தது. அப்படியென்றால், தகரம் வெடித்த பின்னர்தான் அந்தப் பச்சை பூசப்பட்டிருக்கிறது. பக்கவாட்டு எழுத்துகளைச் சுற்றிப் புதிய ஒட்டுப்படலத்தின் ஓரம் மினுங்கியது.

மீளப் பூசுவதை நான் குறைசொல்லவில்லை. துருவேறிக் குப்பைக்குப் போகவிருந்த எஞ்சின்களைப் பொறுமையோடு மீட்டெடுக்கும் கைகாரர்களை மதிக்கிறேன். அவர்களுடைய வேலை என்று சொல்லி விற்றால் அதற்குரிய விலையை மனமுவந்து கொடுப்பேன். ஆனால் முன்பு என்ன நிறம், எவ்வளவு பகுதி மீளப் பூசப்பட்டது, எந்தச் சக்கரம் அல்லது கொக்கி பின்னாளில் செய்த நகல் என்பதை விற்பவர் எழுதியே தர வேண்டும். கயிற்றில் கட்டிய அட்டை ஒரு கை மாறும்போதே தொலைந்துவிடும் என்பதால், அடித்தகட்டில் அழியாத குறியொன்றும் இருக்க வேண்டும். ஒருவர் மறைத்ததை, அடுத்தவர் அறியாமலேயே அசல் என்று விற்றுவிடுகிறார்.

என் கடைக்காரரும் "நானும் இப்படித்தான் வாங்கினேன்" என்று கூறிப் பணத்தைத் திருப்பித் தர மறுத்தார். பற்றுச்சீட்டில் "பழைய பொம்மை 1" என்று மட்டுமே எழுதியிருந்தது. பாவனையாளரைத் தவறாக வழிநடத்தும் வியாபாரத்தை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க பாவனையாளர் அலுவல்கள் அதிகாரசபைச் சட்டம் தடைசெய்கிறது. ஆயினும், வாங்கி மூன்று மாதங்களுக்குள் அந்த அதிகாரசபையிடம் எழுத்தில் முறையிட வேண்டும் என்றும் அதே சட்டம் சொல்கிறது. நானோ நான்காவது மாதத்தில்தான் மேற்கூட்டைக் கழற்றினேன்.

ஆகவே, கடையிலேயே கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். சாவித் துளைக்குள்ளும் நாக்குகளிலும் டோர்ச் அடித்துப் பாருங்கள். "மீளப் பூசப்படாதது" என்ற சொல்லைப் பற்றுச்சீட்டில் எழுதி வாங்குங்கள். எழுத மறுத்தால் வாங்காதீர்கள். என் எஞ்சினின் அடித்தகட்டில், "அசல் நிறம் சிவப்பு, பச்சை பின்னர் பூசியது" என்று ஊசியால் கீறி வைத்திருக்கிறேன். நாளை என் பிள்ளைகள் அதை விற்றாலும், வாங்குபவர் அதை வாசித்துவிட்டே விலை பேசலாம்.