பழைய அலாரம்: கதவுக் காந்த சுவிட்சா, பிஐஆர் சென்சாரா?

பூட்டிக் கிடக்கும் செட்டிநாட்டுக் கானாடுகாத்தான் வீட்டில் அலாரம் சும்மா அலறுகிறதா? முதலில் பேட்டரி. சார்ஜரைக் கழற்றிச் சற்று நேரம் கழித்து அளந்தால், 12 வோல்ட்டுக்குக் கீழே நிற்பதை மாற்றிவிடுங்கள்.

அடுத்து சென்சார்: கதவு திறப்பதை உணரும் காந்த சுவிட்ச், அல்லது உடல் வெப்பத்தின் அசைவை உணரும் பிஐஆர். காந்த சுவிட்சில் கோளாறைப் பிடிப்பது எளிது. மழையில் தேக்கு நிலை உப்பியோ கீல் தளர்ந்தோ காந்தம் விலகியிருக்கும். மின்சாரத்தை நிறுத்தி, சுவிட்ச் வயர்களைக் கழற்றி, மல்டிமீட்டரை 'பீப்' ஒலிக்கும் தொடர்ச்சி (continuity) சோதனையில் வையுங்கள். பெரும்பாலான பழைய சுவிட்சுகளில் கதவு சாத்தியதும் 'பீப்' வரும். காந்தத்தைக் கையால் ஒட்டிப் பிடித்தும் வராவிட்டால் சுவிட்ச் போச்சு.

பிஐஆர் அப்படியல்ல. வளவு முற்றத்து வெயில், வௌவால், லென்ஸில் ஊரும் பல்லி எல்லாமே அதற்குத் திருடன்தான். வயர் துளையை சிலிகானால் அடைத்து, உள்ளறைப் பக்கம் திருப்புங்கள். முகப்புக்கும் பின்கட்டுக்கும் காந்தமே போதும்.