பராமரிப்பு உதவியாளர் பயிற்சி: 46 வயதில் சேர்ந்தவரின் மதிப்பீடு

கணக்குப் பிரிவில் இருபது ஆண்டுகள் வேலை பார்த்த பிறகு, சென்ற ஆண்டு சிங்கப்பூரின் கிழக்குப் பகுதியிலுள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில், சுகாதாரப் பராமரிப்பு உதவியாளருக்கான சான்றிதழ் வகுப்பில் சேர்ந்தேன். அந்த நிலையத்தின் பெயரை இங்கே எழுதவில்லை. இத்தகைய எந்த வகுப்பில் சேர விரும்புவோரும் எதைக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதையே சொல்ல விரும்புகிறேன்.

இந்தப் பயிற்சி இப்போது ஏன் தேவைப்படுகிறது என்பதற்கு நீண்ட விளக்கம் வேண்டியதில்லை. 65 வயதும் அதற்கு மேலும் ஆன சிங்கப்பூர்க் குடிமக்களின் பங்கு 2013இல் 11.7 விழுக்காடாக இருந்தது. 2023இல் அது 19.1 விழுக்காடாகிவிட்டது, 2030 வாக்கில் நால்வரில் ஒருவர் அந்த வயதை எட்டியிருப்பார். தாதிமை இல்லங்களும் பகல்நேரப் பராமரிப்பு நிலையங்களும் பெருகிவரும்போது, அங்கே வேலை செய்ய ஆட்கள் எங்கிருந்து வருவார்கள் என்ற கேள்வியும் உடன் வருகிறது.

கட்டணத்தைப் பற்றி எனக்குக் குறையில்லை. 40 வயதைக் கடந்த குடிமக்களுக்குப் பல வகுப்புகளில் 90 விழுக்காடு வரை மானியம் உண்டு. மீதியை, 2024ஆம் ஆண்டு மே மாதம் எங்கள் வயதினருக்கு வழங்கப்பட்ட 4,000 வெள்ளி ஸ்கில்ஸ்ஃபியூச்சர் தொகையிலிருந்து (திறன் பயிற்சிக்கு அரசாங்கம் தரும் உதவி) செலுத்தினேன். கையிலிருந்து பணம் கொடுக்க வேண்டிய தேவையே எழவில்லை.

வகுப்பின் சிறப்பு முழுவதும் செய்முறை அறையில்தான் இருந்தது. ஆறு கட்டில்கள், ஒரு தூக்குக் கருவி, சக்கர நாற்காலிகள், எடை மிகுந்த பொம்மை நோயாளிகள் என அந்த அறை ஒரு சிறிய வார்டைப் போலவே அமைந்திருந்தது. எங்கள் பயிற்றுநர் முப்பது ஆண்டுகள் மருத்துவமனையில் பணியாற்றி ஓய்வுபெற்ற தாதி. கைகழுவுவதற்கே ஒரு முழு காலைப் பொழுதை ஒதுக்கினார். கைகழுவ வேண்டியவை என உலகச் சுகாதார நிறுவனம் வகுத்துள்ள ஐந்து தருணங்களையும் நாங்கள் யோசிக்காமல் பின்பற்றும் வரை விடவில்லை. படுத்த படுக்கையாக இருப்பவரை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறை ஏன் புரட்டிப் படுக்க வைக்க வேண்டும், மூக்குக் குழாய் வழியாக உணவு கொடுக்கும்போது தலைப்பகுதியை ஏன் உயர்த்த வேண்டும், விழுங்கச் சிரமப்படுவோருக்குத் தண்ணீரை எந்த அளவுக்குக் கெட்டியாக்க வேண்டும் என்று ஒவ்வொன்றுக்கும் காரணத்தைச் சொன்ன பிறகே செய்யச் சொன்னார்.

அவற்றுள் ஒன்று என்னை அழவைத்தது. பக்கவாதம் வந்தவருக்குச் சட்டை போடும்போது வலுவிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் விடுவிக்க வேண்டும். என் தந்தைக்கு இரண்டு ஆண்டுகள் நான் இதைத் தலைகீழாகச் செய்துவந்தேன். அவர் முகம் சுளித்ததெல்லாம் வலியால் என்பது அந்த அறையில்தான் எனக்குப் புரிந்தது. வீட்டில் முதியவரை வைத்திருக்கும் எவருக்கும், வேலைக்குப் போகும் எண்ணம் இல்லாவிட்டாலும், இந்தச் செய்முறைப் பகுதியைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

களப்பயிற்சியைப் பற்றி அவ்வாறு சொல்ல இயலவில்லை. ஒரு தாதிமை இல்லத்தில் பத்து வேலை நாள்கள் எங்களுக்கு ஒதுக்கப்பட்டன. முதல் மூன்று நாள்கள் இடத்தைப் பழகுவதிலேயே கழிந்தன. குடியிருப்பாளர்களின் பெயர்களும் பழக்கங்களும் பிடிபடத் தொடங்கியபோது பயிற்சி முடிந்துவிட்டது. அங்கே எங்களை மேற்பார்வையிட வேண்டிய தாதிக்குத் தம் வார்டு வேலையே தலைக்குமேல் இருந்ததால், பல நாள்கள் நாங்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டு வேலை செய்தோம். ஆள் பற்றாக்குறையைத் தீர்க்க வந்த பயிற்சி, ஆள் பற்றாக்குறையாலேயே மெலிந்துபோவதை நேரில் கண்டேன். பயிற்சி இடங்களைப் பெருக்குவதோடு, களத்தில் கற்றுக்கொடுப்பதற்கென்றே அனுபவமுள்ள தாதியருக்கு நேரம் ஒதுக்காவிட்டால், சான்றிதழ் பெற்றவர்கள் பெருகுவார்கள். வேலையில் நிலைப்பவர்கள் பெருகமாட்டார்கள். என்னுடன் படித்த இருவர் வேலைக்குச் சேர்ந்த முதல் மாதத்திலேயே விலகிவிட்டார்கள்.

இருந்தும் அந்தப் பத்து நாள்களில் ஒரு காலை என் நினைவில் நிற்கிறது. எண்பது வயதைத் தாண்டிய ஒரு பாட்டி குளிக்கவே மறுப்பதாகச் சொன்னார்கள். முதுமை மறதி நோய் முற்றியதில், பிற்காலத்தில் கற்ற மலாயும் ஆங்கிலமும் அவரிடமிருந்து நழுவி, பிறந்த வீட்டுத் தமிழ் மட்டுமே எஞ்சியிருந்தது. மியன்மாரிலிருந்து வந்திருந்த உதவியாளர் மிகுந்த பொறுமையோடுதான் அழைத்தார். ஆனால் பாட்டி திரும்பத் திரும்பச் சொன்ன ஒரே சொல் அவருக்குப் புரியவில்லை. "வெந்நி" என்பதே அந்தச் சொல். "வாங்க பாட்டி, வெந்நீர் எடுத்து வச்சிருக்கேன்" என்றதும் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார்.

வெளிநாட்டு ஊழியர்கள் இல்லாமல் நம் தாதிமை இல்லங்கள் ஒரு நாள்கூட இயங்கமாட்டா. அவர்களின் உழைப்பு பெரிது. ஆனால் உள்ளூர் ஊழியர் வேண்டும் என்பதை வெறும் ஆள் எண்ணிக்கையாகப் பார்ப்பது போதாது. தமிழும், மலாயும், ஹொக்கியன், தியோச்சியூ ஆகிய சீனக் கிளைமொழிகளும் காதில் விழுந்து வளர்ந்தவர்கள் முதியவரின் கட்டில் அருகே நிற்க வேண்டும். எங்கள் பாடத்திட்டத்திலோ மொழிக்கென ஒரு மணி நேரம்கூட இல்லை. வலிக்கிறதா, பசிக்கிறதா, கழிப்பறைக்குப் போக வேண்டுமா என்பன போன்ற முப்பது வாக்கியங்களை நான்கைந்து மொழிகளில் கற்றுக்கொடுக்க இரண்டு பிற்பகல்கள் போதும். நிலையத்தின் கருத்துப் படிவத்தில் இதை எழுதியிருக்கிறேன்.

சேருமுன் ஒன்றைத் தெளிவாக அறிந்துகொள்ள வேண்டும். இந்தச் சான்றிதழ் ஒருவரைத் தாதியாக்காது. தொழில்நுட்பக் கல்விக் கழகத்தில் தாதிமை படித்தவர்களும், நன்யாங், நீ ஆன் பலதுறைத் தொழிற்கல்லூரிகளில் மூன்று ஆண்டுப் பட்டயம் பெற்றவர்களும் சிங்கப்பூர்த் தாதியர் வாரியத்தில் பதிந்துகொண்டு பணியாற்றுகிறார்கள். பராமரிப்பு உதவியாளர் அவர்களின் கீழ் வேலை செய்பவர். மேலே படிக்க வழி உண்டா, எத்தனை ஆண்டு ஆகும், படிக்கும்போது சம்பளம் கிடைக்குமா என்பதை எங்கள் நிலையத்தில் யாரும் தெளிவாக விளக்கவில்லை. நானாகத் தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

வகுப்புகள் அனைத்தும் வார நாள்களில் காலை ஒன்பது முதல் மாலை ஐந்து வரை நடப்பதால், வேலையை விடாமல் படிக்க விரும்புவோருக்கு இப்போதைக்கு இது ஒத்துவராது. மாலை நேர வகுப்பு தொடங்கப் போவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மழலையர் பள்ளியில் சமையல் வேலை பார்க்கும் என் சின்னம்மா மகளை அதுவரை பொறுத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். பதிவு செய்யும் நாளில், களப்பயிற்சி எத்தனை நாள், அங்கே கற்றுக்கொடுக்கப் போகிறவர் யார் என்ற இரண்டு கேள்விகளையும் எழுத்தில் கேட்டு வாங்க நானும் உடன் செல்கிறேன்.