பாண்டிங்கில் இருப்பது இரண்டு போர்ட்டா, ஒன்றேதானா? லினக்ஸ் காட்டும் அடையாளங்கள்: ஓர் அலசல்

சர்வரில் இரண்டு நெட்வொர்க் இன்டர்ஃபேஸ்களைச் சேர்த்து பாண்டிங் போட்டாயிற்று. ஒரு கேபிள் போனால் இன்னொன்று தாங்கும் என்று கணக்கு. சோதித்துப் பார்க்க ஒரு கேபிளைப் பிடுங்கினால் இரண்டு இன்டர்ஃபேஸும் சேர்ந்தே படுத்துவிடுகின்றன. காரணம், கார்டில் என்பார் வசதி இயக்கத்தில் இருக்கிறது. ஒரே போர்ட்டை நான்கு பிசிஐ ஃபங்ஷன்களாக (பிசிஐ பாதையில் தனிச் சாதனமாகத் தெரியும் பகுதிகளாக) பிரித்து, நான்கு தனி கார்டுகள் போல அது லினக்ஸின் மையமான கெர்னலுக்குக் காட்டுகிறது. ஒரு கார்டை விர்ச்சுவல் மெஷின்களுக்குப் பங்கு போடும் எஸ்ஆர்-ஐஓவியிலும் இதே கதைதான். ஒரு பிஎஃப் (உண்மையான ஃபங்ஷன்), அதன் கீழ் டஜன் கணக்கில் விஎஃப்கள் (விர்ச்சுவல் ஃபங்ஷன்கள்), அத்தனைக்கும் வெளியே போக ஒரே கேபிள்.

இதில் இரண்டு கேள்விகள் கலந்து கிடக்கின்றன. 'இந்த இரண்டும் ஒரே போர்ட்டா?' என்பது ஒன்று. 'இது கார்டில் எத்தனையாவது போர்ட்?' என்பது இன்னொன்று. லினக்ஸ் கொடுக்கும் அடையாளங்களில் எதுவும் இரண்டுக்கும் ஒரே அளவுக்கு நல்ல பதில் சொல்வதில்லை.

எல்லோரும் முதலில் பார்ப்பது பிசிஐ முகவரியைத்தான். இன்டெல் 82599 இரட்டை போர்ட் கார்டை எடுத்துக்கொள்வோம். பிஎஃப்கள் 03:00.0, 03:00.1 என்றால் விஎஃப்கள் 03:10.0-இல் தொடங்கும். 03:10.0, 03:10.2, 03:10.4 எல்லாம் முதல் போர்ட்டைச் சேர்ந்தவை, 03:10.1, 03:10.3 இரண்டாவதைச் சேர்ந்தவை. விஎஃப்கள் பிஎஃப்பிலிருந்து 128 தள்ளித் தொடங்கி இரண்டிரண்டாகத் தாவுவதால் வரும் ஒழுங்கு இது. இதைப் பழகியவர்கள் கடைசி எண் இரட்டையென்றால் முதல் போர்ட் என்று ஸ்கிரிப்டே எழுதி வைத்திருப்பார்கள். அதே ஸ்கிரிப்டை எக்ஸ்எல்710 வரிசைக் கார்டில் ஓட்டினால் கதை கந்தல்: அங்கே ஒரு போர்ட்டின் விஎஃப்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தொடர் எண்களாக வரும். மெல்லனாக்ஸின் கனெக்ட்எக்ஸ்-3 இன்னும் மோசம். இரண்டு போர்ட்டுக்கும் சேர்த்து ஒரே பிசிஐ ஃபங்ஷன்தான், பிரித்துப் பார்க்க முகவரியில் ஒன்றுமே இல்லை. ஹோஸ்ட்டில் (விர்ச்சுவல் மெஷின்களைத் தாங்கும் நிஜ சர்வரில்) இருந்தால் விஎஃப்பின் கீழே இருக்கும் பிஸ்எஃப்என் இணைப்பைப் பிடித்துப் போய் அதன் பிஎஃப்பைக் கண்டுபிடிக்கலாம், எண் கணக்கை நம்ப வேண்டியதில்லை. விர்ச்சுவல் மெஷினுக்குள்ளோ அந்த இணைப்பும் இல்லை, முகவரியும் விர்ச்சுவல் மெஷினை இயக்கும் ஹைப்பர்வைசர் தன் இஷ்டத்துக்குக் கொடுத்தது.

இன்டர்ஃபேஸின் வன்பொருள் முகவரியான மேக் முகவரியைப் போர்ட் அடையாளமாக வைக்க நினைப்பதை விட்டுவிடலாம். அட்மின் அமைக்காத விஎஃப்புக்குப் பல டிரைவர்கள் தோன்றியபடி ஒரு மேக்கை உருவாக்கிக் கொடுக்கும். மைக்ரோசாஃப்டின் அஸூர் கிளவுடின் வேக நெட்வொர்க்கிங்கில் விஎஃப்பும் ஹைப்பர்-வி கொடுக்கும் செயற்கை இன்டர்ஃபேஸும் வேண்டுமென்றே ஒரே மேக்கோடு வரும்.

அடுத்து, ஒவ்வோர் இன்டர்ஃபேஸுக்கும் கெர்னல் கோப்புகளாகக் காட்டும் டெவ்_ஐடி, டெவ்_போர்ட் என்ற ஜோடி. இவற்றைக் குழப்பிக்கொள்ளாதவர்கள் குறைவு. டெவ்_ஐடி போர்ட் எண்ணுக்காகப் பிறந்ததே இல்லை. ஐபிஎம் மெயின்ஃப்ரேம்களில் ஓஎஸ்ஏ என்ற நெட்வொர்க் கார்டு ஒன்றைப் பல லினக்ஸ்கள் பங்கு போடும், மேக் ஒன்றுதான். அதிலிருந்து ஐபிவி6 முகவரி உருவாக்கினால் எல்லாருக்கும் ஒரே முகவரி வந்து மோதும். மோதாமலிருக்க முகவரியின் நடுவே செருக 16 பிட் எண் ஒன்று தேவைப்பட்டது, அதற்கு வந்த இடம் இது. பிறகு சில டிரைவர்கள் 'காலியாகத்தானே இருக்கிறது' என்று அதில் போர்ட் எண்ணைப் போட ஆரம்பித்தன. இதைச் சரிசெய்ய 2014-இல் கெர்னல் 3.15-இல் டெவ்_போர்ட் வந்தது. ஒரே பிசிஐ ஃபங்ஷனில் பல போர்ட் இருந்தால் டிரைவர் இதை நிரப்பியே ஆக வேண்டும், நிரப்பாவிட்டால் அது கெர்னல் பிழை என்று ஆவணமே சொல்கிறது. கனெக்ட்எக்ஸ்-3 போன்ற கார்டுக்கு இது கச்சிதம். ஒரு வில்லங்கமும் உண்டு. இது 0-இலிருந்து எண்ணும். நிரப்பப்படாத இடத்திலும் 0 தான் இருக்கும். முதல் போர்ட் என்பதால் 0-வா, டிரைவர் கண்டுகொள்ளாததால் 0-வா? மதிப்பைப் பார்த்துச் சொல்ல வழியில்லை.

பாண்டிங் கேள்விக்கு நேரடியாகப் பதில் சொல்ல உருவானது பிஸ்_போர்ட்_ஐடி. 2013-இல் கெர்னல் 3.12-இல் வந்தது. அதிகபட்சம் 32 பைட், பதினாறடிமான எண் வரிசை, அதற்குள் எந்த அர்த்தமும் தேடக் கூடாது. இரண்டு இன்டர்ஃபேஸ்களில் ஒரே மதிப்பு இருந்தால் இரண்டும் ஒரே போர்ட், அவ்வளவுதான். டிரைவருக்கு இது தெரியாவிட்டால் 'ஆதரவு இல்லை' என்ற பிழை வரும், பொய்யான 0 வராது. டெவ்_போர்ட்டைவிட இது நேர்மையானது என்று நான் சொல்வது இதனால்தான். குறை என்னவென்றால் பல டிரைவர்கள் இதை எழுதவே இல்லை. உங்கள் சர்வரில் இருக்கிறதா என்று அறிய, ஐபி கட்டளையை விரிவான வெளியீட்டோடு ஓட்டி போர்ட்ஐடி என்ற சொல் வருகிறதா என்று பார்த்தால் போதும்.

எத்தனையாவது போர்ட் என்ற கேள்விக்கு இன்று சிறந்தது, கார்டின் தகவலைக் கேட்டறிய கெர்னல் தரும் டெவ்லிங்க் வசதி. 2016-இல் கெர்னல் 4.6-இல் நுழைந்தது. மற்றவை ஒரு மதிப்பைக் கொடுத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளும். இது இன்டர்ஃபேஸின் இனத்தையும் சொல்லும்: பிசிக்கல் போர்ட்டா, பிஎஃப்பா, விஎஃப்பா என்று. பெயரும் அதற்கேற்ப வரும். முதல் போர்ட் என்றால் பி0, அதை நான்காகப் பிரித்திருந்தால் பி0எஸ்0 முதல் பி0எஸ்3 வரை, மூன்றாம் எண் விஎஃப்பின் சார்பாக ஹோஸ்ட்டில் நிற்கும் பிரதிநிதி இன்டர்ஃபேஸ் பிஎஃப்0விஎஃப்3. பார்த்ததும் புரிகிறது. பிஸ்_போர்ட்_நேம் என்ற பழைய கோப்பிலும் இதே பெயர்தான் தெரியும்.

அங்கேதான் கண்ணி. லினக்ஸின் சேவைகளை நிர்வகிக்கும் சிஸ்டம்டி இன்டர்ஃபேஸுக்குப் பெயர் வைக்கும்போது இந்தப் போர்ட் பெயரை வால் போல ஒட்டிவிடும். நேற்றுவரை டெவ்லிங்க் போர்ட் ஆதரவு இல்லாத டிரைவர், கெர்னல் அப்டேட்டில் அதைக் கற்றுக்கொண்டால், பழைய பெயருக்குப் பின்னால் திடீரென்று 'என்பி0' சேரும். நெட்வொர்க் கான்ஃபிக் பழைய பெயரையே தேடிக்கொண்டிருக்கும். சர்வர் வேறு ஊரில் இருந்தால் அன்றைய இரவு போச்சு. சிஸ்டம்டிக்கான லிங்க் கோப்பு எழுதிப் பெயரை முன்கூட்டியே பூட்டிவைப்பது நல்லது.

விர்ச்சுவல் மெஷினுக்குள் இருந்துகொண்டு பார்க்கும்போது மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை கைவிடும். போர்ட்டின் விளக்கை மினுக்க வைக்கும் ஈத்டூல் கட்டளையின் வசதி விஎஃப் டிரைவர்களில் பொதுவாகக் கிடையாது. ரேக் பக்கத்தில் நிற்கும் ஆள் ஹோஸ்ட்டிலிருந்துதான் மினுக்கச் சொல்ல வேண்டும். சுவிட்ச் தன் எந்தப் போர்ட் என்று எல்எல்டிபி என்ற அறிமுக நெறிமுறையில் அறிவிக்கும், ஆனால் அது கெஸ்ட் (விர்ச்சுவல் மெஷின்) வரை வந்து சேர்வது அரிது. எக்ஸ்710-இல் கார்டின் ஃபர்ம்வேரே எல்எல்டிபியை விழுங்கிவிடுவதால், அதை அணைக்காதவரை ஹோஸ்ட்டுக்கே தெரியாது. விர்ட்ஐஓ என்ற மெய்நிகர் இன்டர்ஃபேஸிடம் கேட்பதில் அர்த்தமே இல்லை, அதன் பின்னால் போர்ட்டே இல்லாமல்கூட இருக்கலாம்.

எனவே ஹோஸ்ட்டில் பாண்டிங் சரிபார்க்கும் ஸ்கிரிப்ட் எழுதுவதாக இருந்தால் நான் பிஸ்_போர்ட்_ஐடியை முதலில் கேட்பேன். பிழை வந்தால் டெவ்லிங்க். அதுவும் கைவிரித்தால் 'தெரியவில்லை' என்று எழுதி நிறுத்திவிடுவேன், பிசிஐ எண்ணை வைத்து ஊகிக்க மாட்டேன். கெஸ்ட்டுக்கு ஹோஸ்ட்தான் தகவல் கொடுத்தாக வேண்டும். ஓபன்ஸ்டாக் கிளவுட் மென்பொருளில் 2016-இன் நியூட்டன் பதிப்பிலிருந்தே இதற்கு வழி இருக்கிறது: மெஷினை உருவாக்கும்போதே அதன் இன்டர்ஃபேஸுக்கு 'மேல் சுவிட்ச்', 'கீழ் சுவிட்ச்' என்று ஒரு டேக் கொடுத்தால், உள்ளே மெட்டாடேட்டாவில் அந்த டேக் மேக் முகவரியோடு சேர்ந்து வரும்.