மொட்டை மாடியில் தொலைநோக்கிக்கு எந்த மவுண்ட் (தாங்கி): டாப்சோனியனா, ஈக்விடோரியலா?

டாப்சோனியன் என்பது மேலும் கீழும், பக்கவாட்டிலும் திரும்பும் எளிய பெட்டித் தாங்கி. அதில் சரிக்கட்டும் வேலையே அனேகமாக இல்லை. பெட்டியைத் தரையில் வைத்து, குழாயை அதன்மேல் ஏற்றினால் தயார். முதல் தொலைநோக்கி வாங்குபவர்களுக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். ஒரே தொல்லை, பூமி மணிக்கு 15 பாகை சுழல்வதால் 100 மடங்கு பெருக்கத்தில் சனி சுமார் ஒரு நிமிடத்தில் நடுவிலிருந்து விளிம்புக்கு நகர்ந்துவிடும். குழாயை மெல்லத் தள்ளிக்கொண்டே இருக்க வேண்டும்.

ஈக்விடோரியலில் ஒரு அச்சை வானத்தின் வட துருவத்துக்கு (துருவ நட்சத்திரம் இருக்கும் பக்கம்) நேராக்கிவிட்டால், மோட்டார் அந்த ஒன்றை மட்டும் சுழற்றியே சனியைப் பிடித்து வைத்திருக்கும். நீண்ட நேர வெளிச்சம் கொடுத்துப் படம் எடுக்க இதுதான் வேண்டும். டாப்சோனியனில் மோட்டார் பொருத்தினாலும் படத்தின் ஓரங்கள் சுழன்றுவிடும்.

ஆனால் சென்னையில் துருவ நட்சத்திரம் அடிவானத்திலிருந்து 13 பாகைதான் உயரும். பக்கத்து வீட்டுத் தண்ணீர்த் தொட்டியே அதை மறைத்துவிடும். அப்போது மவுண்டில் அச்சின் சாய்வைக் காட்டும் அளவுகோலில் 13 வைத்து, திசைகாட்டியால் வடக்கைப் பிடியுங்கள். கண்ணால் பார்க்க அது போதும். முள்ளை இரும்பு முக்காலிக்கு அருகே கொண்டுபோகாதீர்கள்.

இன்னொன்று, அச்சு இவ்வளவு தாழ்ந்திருப்பதால் குழாயைச் சமன்செய்யும் எதிர் எடை முக்காலியின் வடக்குக் காலில் இடிக்கும். முக்காலியைத் திருப்பி, இரண்டு கால்களுக்கு நடுவே வடக்கு வரும்படி வையுங்கள். பிறகு அச்சின் பிடிப்பைத் தளர்த்தி, எதிர் எடை மாட்டிய கம்பியைக் கிடைமட்டமாக்கி, கையை எடுத்தாலும் அப்படியே நிற்கும் வரை எடையை நகர்த்துங்கள்.