டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் ஒரு தையல் மெஷின் பழுதுபார்ப்புக் கடை

மதுரை டவுன்ஹால் ரோட்டை ஒட்டிய சந்தொன்றில் உள்ள இந்தச் சிறிய கடைக்கு, துணியின் அடிப்பக்கத்தில் நூல் கொத்துக் கொத்தாகச் சுருண்டுகொண்டிருந்த என் கால்மிதி மெஷினின் தலைப்பகுதியை மட்டும் கழற்றி எடுத்துச் சென்றிருந்தேன். அடியில் நூல் குவிந்தால் பலரும் அடிநூல் சுற்றிய பாபினைத்தான் சந்தேகிப்பார்கள். கடைக்காரரோ மேல்நூலை உருவிவிட்டு, துணியை அழுத்திப் பிடிக்கும் அழுத்துபாதத்தை உயர்த்திய நிலையில் மறுபடியும் கோத்தார். பாதம் இறங்கியிருக்கும்போது மேல்நூலின் இறுக்கத்தைக் கட்டுப்படுத்தும் டென்ஷன் தட்டுகள் இறுகிவிடுவதால் நூல் அவற்றின் நடுவே சரியாக இறங்காது என்று விளக்கியவர், அந்தத் தட்டுகளுக்கிடையே சிக்கியிருந்த பஞ்சையும் துடைத்தெடுத்தார்.

மெஷினில் இருந்த இன்னொரு கோளாறு, தையல் விட்டுவிட்டு விழுவது. அதற்கு அவர் முதலில் சோதித்தது ஊசியை. வீட்டு மெஷின் ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையானது. அது உரிய பக்கம் திரும்பி, முழுவதும் மேலேறியிருந்தால்தான் அடியில் சுழன்று மேல்நூலை அடிநூலுடன் பின்னும் ஷட்டிலின் முனை நூல் வளையத்தைப் பிடிக்கும். மெல்லிய பருத்திக்கு 11, சாதாரணத் துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 16 எனத் துணிக்கேற்ப ஊசியின் அளவு எண்ணையும் மாற்றச் சொன்னார்.

முந்தைய உரிமையாளர் விட்டிருந்த தேங்காயெண்ணெய் பிசினாக இறுகியிருந்த பாகங்களை மண்ணெண்ணெயால் கழுவி, மெஷின் எண்ணெய் இட்டுத் தந்தார். இந்த வேலையைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் கேட்காமலே பெல்ட்டை மாற்றிக் கட்டணத்தில் சேர்த்ததும், ரசீது தர மறுத்ததும் ஏற்கத்தக்கவையல்ல. கணினிக் கட்டுப்பாட்டு மெஷின்களை அவர் தொடுவதில்லை. அவற்றை வைத்திருப்பவர்கள் நிறுவனச் சேவை மையத்தைத்தான் நாட வேண்டும்.