மஸ்டாங்கா, புர்ரோவா: தத்தெடுத்த விலங்கோடு போட்டிக்குப் போக எது சரி?

தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் ஒரு மரப்பலகைப் பாலம். மலைவெளியிலிருந்து பிடித்து வந்து சில மாதமே ஆன மஸ்டாங் குதிரை அதன் முன்னால் வந்தால் காதை விறைக்கும், மூக்கால் ஊதும், பக்கவாட்டில் எகிறும். பழக்கியவரின் கை அதற்குப் பிடித்துப்போயிருந்தால், பயத்தை விழுங்கிக்கொண்டு விடுவிடுவென்று கடந்துவிடும். அதே பாலத்துக்கு ஒரு புர்ரோ, அதாவது காட்டில் திரிந்த கழுதை, வந்தால் நின்றுவிடும். தலையைத் தாழ்த்திப் பலகையை முகரும். கயிற்றை இழுத்தால் இன்னும் அழுத்தமாக நிற்கும். நேரம் ஓடிக்கொண்டே இருக்கும். அப்புறம் அதற்கே சரியென்று பட்டதும், ஒவ்வொரு குளம்பாக எடுத்து வைத்து அலட்டிக்கொள்ளாமல் நடந்து போய்விடும்.

அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், காட்டிலிருந்து தத்தெடுத்த குதிரைகளையும் கழுதைகளையும் கொண்டு நடத்தும் போட்டிகளில் இந்த இரண்டையும் பார்க்கலாம். எதைத் தத்தெடுத்துக் களம் இறங்குவது என்று யோசிப்பவர், அந்தப் பாலத்தின் முன்னால் தன்னால் எவ்வளவு நேரம் பொறுமையாக நிற்க முடியும் என்பதை முதலில் யோசிக்க வேண்டும்.

கொஞ்சம் பின்னணி. மஸ்டாங் என்பது ஸ்பானியர் கொண்டுவந்த குதிரைகளும், பிற்காலத்தில் பண்ணைகளிலிருந்தும் ராணுவத்திலிருந்தும் தப்பியவையும் விடப்பட்டவையும் கலந்து உருவான கூட்டம். புர்ரோ என்பது கழுதைக்கு ஸ்பானிஷ் சொல். தங்கமும் வெள்ளியும் தேடிப் போனவர்களுக்குப் பொதி சுமந்த கழுதைகள், சுரங்கங்கள் மூடப்பட்ட பிறகு பாலைவனத்திலேயே தங்கிப் பெருகின. நெவாடாவைச் சேர்ந்த வெல்மா ஜான்ஸ்டன் போன்றவர்கள் பல ஆண்டுகள் போராடியதன் பலனாக 1971-இல் இவற்றைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் வந்தது. இன்று 10 மாநிலங்களில் கூட்டாட்சி அரசின் நில மேலாண்மைப் பணியகம் இவற்றைக் கவனிக்கிறது. 2024 மார்ச் கணக்குப்படி சுமார் 73,500 விலங்குகள் வெளியில் திரிந்தன. நிலம் தாங்கும் என்று பணியகம் வைத்திருக்கும் அளவோ ஏறத்தாழ 25,500. மீதியில் ஒரு பகுதியைப் பிடித்து வந்து, கொட்டடிகளில் வைத்துத் தத்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கொட்டடிகளில் காத்திருப்பவற்றில் ஒன்றுதான் நாளைக்கு உங்கள் கயிற்றின் மறுமுனையில் வரப்போகிறது.

தத்துக் கட்டணத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. பழக்கப்படாத விலங்குக்கு 125 டாலரிலிருந்து தொடக்கம். ஒரு விலங்குக்குக் குறைந்தது 400 சதுர அடி அடைப்பு வேண்டும். வேலியில்தான் முதல் வேறுபாடு: பழகாத வளர்ந்த குதிரைக்கு 6 அடி உயரம், புர்ரோவுக்கு நாலரை அடி போதும். இரண்டுக்கும் கழுத்தின் இடப்பக்கத்தில் உறைகுளிர் முத்திரை (மிகக் குளிர்ந்த உலோகத்தால் இடும் அடையாளக் குறி) இருக்கும். ஒரு வருடம் ஒழுங்காக வைத்துக்கொண்டால்தான் உரிமைப் பத்திரம் கிடைக்கும், அதுவரை அது அரசாங்கத்துச் சொத்து. போட்டியில் நன்றாக ஆடிவிட்டது என்பதற்காக நடுவில் விற்றுவிட முடியாது. இந்த விதியை நான் மனதார வரவேற்கிறேன்.

இனி களத்துக்கு வருவோம். குதிரைக்குப் பரப்பு பெரிது என்பதில் சந்தேகமே இல்லை. சேணம் போட்டு ஓட்டலாம், தடைப்பாதையில் போகலாம், மாடு விரட்டலாம், தாண்டலாம். டிரெஸாஜ் (குதிரையைத் துல்லியமான அசைவுகளில் நடத்திக் காட்டும் பிரிவு), நெடுந்தூர ஓட்டம் போன்றவற்றில் எந்த இனக் குதிரையும் கலந்துகொள்ளலாம் என்பதால், கழுத்து முத்திரையோடு ஒரு மஸ்டாங் விலையுயர்ந்த குதிரைகளின் வரிசையில் போய் நிற்க முடியும். பரிசுப் பணமும் கூட்டமும் இந்தப் பக்கம்தான். 2007-இல் டெக்சாஸின் ஃபோர்ட் வொர்த்தில் தொடங்கிய எக்ஸ்ட்ரீம் மஸ்டாங் மேக்ஓவர்தான் இதில் பெரும்பேர் பெற்றது. ஆள் தொடாத குதிரை ஒன்றைப் பயிற்சியாளரிடம் ஒப்படைப்பார்கள். ஏறத்தாழ 100 நாள் அவகாசம். அதற்குள் தலையில் கயிறு மாட்டி, குளம்பு தூக்கப் பழக்கி, சேணம் ஏற்றி, போட்டிக்குக் கொண்டுவர வேண்டும். முன்னணிக்கு வருபவர்கள் கடைசியில் இசைக்கேற்ப ஒரு தனிக் காட்சி செய்து காட்டுவார்கள். அது முடிந்ததும் குதிரை தத்தெடுப்பு ஏலத்துக்குப் போய்விடும். பயிற்சியாளருக்கே அது வேண்டுமென்றால் அவரும் கை தூக்கிக் கேட்க வேண்டியதுதான். நூறு நாள் கூடவே இருந்துவிட்டு, அதை வேறொருவர் வண்டியில் ஏற்றி அனுப்பிவைப்பவர்களை நினைத்தால் எனக்கு மனம் கனத்துவிடும்.

ஆனால் இந்த நாள் கணக்கு எனக்கு உறுத்துகிறது. இந்தப் போட்டிகளால் ஆயிரக்கணக்கான குதிரைகளுக்கு வீடு கிடைத்தது உண்மை, அதைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இருந்தாலும் எல்லாக் குதிரையும் நூறாவது நாளில் தயாராவதில்லை. முதல் கை படவே ஒரு மாதம் எடுத்துக்கொள்ளும் குதிரையும் உண்டு, அது மோசமான குதிரை இல்லை. தொழில்முறைப் பயிற்சியாளர் அதைப் புரிந்துகொண்டு பின்வாங்குவார். முதல் முறையாக வருபவருக்குத் தேதி நெருங்க நெருங்க அந்தத் தெளிவு இருப்பது கடினம். ஆகவே முதல் விலங்கோடு இந்தப் போட்டிக்குப் போகாதீர்கள் என்பதே என் கருத்து.

ஏறி ஓட்டத்தான் ஆசை, ஆனால் காட்டுக் குதிரையைத் தொடக்கத்திலிருந்து பழக்கும் அனுபவம் இல்லை என்றால், சிறைகளில் பழக்கிய குதிரைகளைப் பாருங்கள். கொலராடோவின் கேன்யன் சிட்டி சிறையில் 1986 முதலும், நெவாடாவின் கார்சன் சிட்டியில் 2000 முதலும் கைதிகள் மஸ்டாங்குகளைப் பழக்கியிருக்கிறார்கள். கார்சன் சிட்டியில் நாலு மாதம்போல் வேலை செய்து, சேணத்துக்குப் பழகிய குதிரையாகப் பொது ஏலத்தில் விடுவார்கள். விலை கூடுதல்தான், சில நேரம் ஆயிரங்களைத் தொடும். ஆனால் கலிஃபோர்னியாவின் பார்ஸ்டோவில் உள்ள மரீன் படையின், கொடி ஏந்திச் செல்லும் குதிரைப் பிரிவு மஸ்டாங்குகளின் மேல்தான் அணிவகுப்புகளில் போயிருக்கிறது. வாத்தியச் சத்தத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவே அமைதியாக நடந்த அந்தக் குதிரைகளை நினைத்தால், அடித்தளம் சரியாக விழுந்த மஸ்டாங் எவ்வளவு நம்பகமானது என்பது புரியும்.

சரி, புர்ரோ. கழுதைக்குத் தெரியுமா கற்பூர வாசனை என்று சொல்லிச் சொல்லியே வளர்ந்தவர்கள் நாம். கழுதையோடு ஒரு வாரம் பழகினால் அந்தப் பழமொழி வாயில் வராது. ஆபத்தென்றால் குதிரைக்கு ஓட்டம்தான் முதல் பதில். கழுதைக்கோ முதலில் நின்று பார்ப்பது. பிடிவாதம் என்று நாம் சொல்வது பெரும்பாலும் அதன் யோசனை நேரம். அதனால்தான் குதிரையைப் பழக்கும் முறையை அப்படியே கழுதைக்குப் போட்டால் பலிக்காது. அழுத்தம் கொடுத்து, அது நகர்ந்ததும் விடுவது குதிரைக்கு வேகமாகப் புரியும். கழுதையிடம் அழுத்தத்தைக் கூட்டினால் மரமாகிவிடும். கயிற்றைத் தளர்த்தி, பக்கத்தில் நின்று, அதுவே ஒரு காலை எடுத்து வைக்கும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு தடவை நம்பிவிட்டால், அடுத்த முறை அந்தப் பாலத்தில் தயக்கம் பெரும்பாலும் இருக்காது.

புர்ரோவுக்கான பிரிவுகள் குறைவு. கையில் பிடித்து நடத்துவது, தடைப்பாதை, பொதி சுமப்பது, சிறுவண்டி இழுப்பது, இவ்வளவுதான் முக்கியமானவை. சராசரிப் புர்ரோ 230 கிலோ அளவில் இருக்கும். அதன் மேல் சிறுவர்களோ மிக ஒல்லியானவர்களோ ஏறலாமே தவிர, பெரியவர்கள் ஏறக்கூடாது. ஆனால் பொதிப் பிரிவில் அதன் அழகே தனி. குதிரையில் மூட்டை கட்டினால் அது உரசும் சத்தத்துக்கே சில குதிரைகள் துள்ளும். புர்ரோ அதைத் தன் தொழில் என்பதுபோல் எடுத்துக்கொள்ளும்.

வட்டக் களத்துக்கு வெளியே போனால் கொலராடோவில் பொதிக்கழுதை ஓட்டம் இருக்கிறது. 1949-இல் லெட்வில், ஃபேர்ப்ளே ஊர்களுக்கு நடுவே, 13,185 அடி உயரத்து மஸ்கீட்டோ கணவாயைத் தாண்டி ஓடியதில் தொடங்கியது. 2012-இல் மாநிலத்தின் கோடைக்கால மரபு விளையாட்டாக அறிவித்தார்கள். ஃபேர்ப்ளேயில் நீண்ட தடம் 29 மைல். கழுதை முதுகில் 33 பவுண்டு பொதி, அதில் பாறை பெயர்க்கும் குந்தாலி, மண்வெட்டி, தங்கம் அரிக்கும் தட்டு மூன்றும் இருந்தாக வேண்டும். ஓடுபவர் கையில் 15 அடிக் கயிறு. தள்ளலாம், இழுக்கலாம், முடிந்தால் தூக்கிக்கொண்டும் போகலாம், ஏறி உட்காரக் கூடாது. மலை மேல் கழுதை நின்றுவிட்டால் மனிதரும் நிற்க வேண்டியதுதான். விலங்கின் விருப்பத்துக்கு இவ்வளவு இடம் கொடுக்கும் போட்டி வேறெதுவும் எனக்குத் தெரியவில்லை.

தீனியில் எச்சரிக்கை வேண்டும். பாலைவனத்துக் கழுதைக்குச் செழிப்பான புல்லும் தானியமும் விஷம் மாதிரி. கழுத்தில் கொழுப்பு மேடு கட்டும், குளம்புக்குள் வீக்கம் கண்டு நடக்க முடியாமல் போகும். வைக்கோலும் சாதாரண உலர்புல்லும் போதும். வலியை வெளியே காட்டாத விலங்கு என்பதால், சாப்பாட்டில் லேசாக மந்தம் தெரிந்தாலே மருத்துவரைக் கூப்பிடுங்கள். ரோமம் மழைநீரைத் தள்ளாது, ஆகவே கூரை கட்டாயம்.

போட்டியின் வகையையும் பார்க்க வேண்டும். தத்தெடுத்தவற்றுக்கென்றே நடக்கும் நிகழ்ச்சியில், எதிரில் நிற்கும் விலங்கும் இதே கொட்டடி வாழ்க்கையிலிருந்து வந்ததுதான். பொதுப் போட்டியில் உடலமைப்புப் பிரிவில், கட்டுடல் கொண்ட அமெரிக்க இனமான குவார்ட்டர் குதிரைகளின் பக்கத்தில் மஸ்டாங்கை நிறுத்தினால் தோற்பது கிட்டத்தட்ட உறுதி. தடைப்பாதையில் மட்டும் போடுங்கள், அங்கே பாறையிலும் ஓடையிலும் வளர்ந்த கால்களுக்கு வாய்ப்பு இருக்கிறது.

என் தேர்வைக் கேட்டால், சவாரி தெரிந்தவருக்கு, குறைந்தது ஒரு வருடம் அவசரப்படாமல் உழைக்கக் கூடியவருக்கு மஸ்டாங். முதல் முறை தத்தெடுப்பவருக்கு, குழந்தைகளோடு சேர்ந்து போட்டிக்குப் போக நினைக்கும் குடும்பத்துக்குத் தயங்காமல் புர்ரோ. அதிலும் ஒன்றை மட்டும் எடுக்காதீர்கள், இரண்டாக எடுங்கள். கொட்டடியில் எது எதோடு ஒட்டி நிற்கிறது என்று அரை மணி நேரம் வேலியோரம் நின்று கவனித்து, அந்த ஜோடியையே கேளுங்கள். தனியாக வந்த கழுதை இரவெல்லாம் கத்தும், பயிற்சியிலும் மனம் ஒன்றாது.