ஜிம்மியைப் பாயாமல் பழக்கிய கதை: இரண்டு வருட அனுபவம்

களுவாஞ்சிக்குடியில் இருக்கும் நண்பன் போன வாரம் நாய்க்குட்டி ஒன்று எடுத்திருக்கிறான். "மச்சான், உன்ட நாய் ஆக்களுக்கு மேல பாயிறதில்லையே, என்ன செய்த நீ?" என்று கேட்டான். ஆடி மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் சந்தோஷமாகச் சொல்லியிருப்பேன்.

ஜிம்மி ஊர் நாய், 18 கிலோ. எங்கள் வீடு ஆரையம்பதியில். காத்தான்குடிக் காக்கா ஒருவர் (முஸ்லிம் அண்ணன்மாரை இங்கே அப்படித்தான் கூப்பிடுவோம்) பல வருடமாகத் துணி கொண்டுவந்து தருகிறவர். ஒருநாள் அஸர் தொழுகைக்குப் போகும் வழியில் வெள்ளைச் சட்டையும் சாரனுமாக எட்டிப் பார்த்தார். ஜிம்மி இரண்டு காலையும் அவர் நெஞ்சில் போட்டுத் தாடையை நக்கிவிட்டது. நாயின் எச்சில் பட்டால் அவர்கள் ஏழு தரம் கழுவ வேண்டும், அதில் ஒரு தரம் மண்ணோடு. மனுசன் ஒரு வார்த்தை ஏசவில்லை. நான் கிணற்றில் அள்ளி அள்ளி ஊற்ற, பேசாமல் கழுவினார். அப்புறம் சட்டை மாற்ற வீட்டுக்கே திரும்பிப் போனார். அன்றிரவே முடிவெடுத்தேன்.

அதுவரை நான் செய்ததெல்லாம் பிழை. கையால் தள்ளினேன், விளையாட்டென்று நினைத்து இன்னும் பாய்ந்தது. கத்தினேன், கத்தலும் நாய்க்குக் கவனிப்புத்தான். முழங்காலால் நெஞ்சில் இடிக்கச் சொன்னார்கள், இரண்டு தரம் இடித்தேன். இன்றைக்கும் அதை நினைத்தால் மனம் வலிக்கிறது. முகத்துக்குக் கிட்ட வந்து வரவேற்க நினைத்த சீவனை இடித்திருக்கிறேன்.

பலித்தது கிறுகி, அதாவது முதுகு காட்டித் திரும்பி, நிற்பதுதான். பாய்ந்தால் பேசாமல், பார்க்காமல், கையைக் கட்டிக்கொண்டு மறுபக்கம் கிறுக வேண்டும். நாலு காலும் நிலத்தில் பட்ட உடனே, அவித்த கோழி ஈரலில் நகமளவு துண்டு. உயர்த்திக் கொடுத்தால் திரும்ப எழும்பும், நிலத்தோடு வைத்துத்தான் கொடுக்க வேண்டும். ஆறாம் நாள் முன்னையைவிட உயரமாகப் பாய்ந்து என் சட்டைப் பையைக் கிழித்தது. பலர் கைவிடுவது அந்த இடத்தில். வழக்கமாகத் திறக்கிற கதவு திறக்காவிட்டால் யாரும் இன்னும் பலமாகத்தானே தட்டிப் பார்ப்பார்கள்? ஆட்கள் வரும்போது அதைக் கட்டியிருக்கிற கயிற்றின் நடுவில் மிதித்துக்கொள்வேன். நிற்கலாம், எழும்ப முடியாது. வீட்டு ஆட்களிடம் மூன்று மாதத்தில் நின்றது, வெளியாட்களிடம் எட்டு மாதம்.

நான் சொல்லிக்கொடுக்காத ஒன்றையும் அது செய்தது. பின்னேரம் பாண் (ரொட்டி) விற்கிற ஓட்டோவின் மெட்டுக் கேட்டதும் வளவு வாசலான கடப்படிக்கு ஓடிப்போய்க் குந்தும். வால் ஆடி ஆடி மணலில் விசிறி மாதிரி ஒரு தடம் விழும். பின்பக்கம் ஓர் அங்குலம் எழும்பும், திரும்ப இருக்கும். அந்தப் பாடுபட்டு அடக்கிக்கொண்டு என் முகத்தைப் பார்க்கும். ஒரு வருடத்துக்கு மேல் தினமும் அதைப் பார்க்கவே வாசலில் நின்றேன்.

இந்த ஆடி அமாவாசை மட்டக்களப்பு மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு சுவிஸில் இருந்து சித்தப்பா வந்தார். முதல் நாளே ஜிம்மியின் முன்னங்கால் இரண்டையும் தூக்கித் தன் நெஞ்சில் வைத்துத் தடவினார். நான் மூன்று தரம் சொன்னேன். "பரவாயில்லை விடு மகன், வாயில்லாச் சீவன்" என்றார். பாய்ந்தால் பிஸ்கட். 16 நாள். அன்பான மனுசன்தான், போகும்போது ஜிம்மியைக் கட்டிப்பிடித்து அழுதார், அதை நான் மறைக்கவில்லை. ஆனால் எப்போதாவது ஒருதரம் கிடைப்பது தினமும் கிடைப்பதைவிடக் கெடுதல். ஒருமுறை சுவீப் (லொத்தர்) விழுந்தவர் அதற்குப் பிறகு வாங்காமல் இருப்பாரா? அவர் போன நாலாம் நாள், பக்கத்து வீட்டுப் பிள்ளை பள்ளிக்கூட வெள்ளை உடுப்போடு வந்தாள். பாய்ந்து விழுத்திவிட்டது. முழங்கையில் சிராய்ப்பு, உடுப்பெல்லாம் சேறு. அவள் இப்போது எங்கள் வீட்டைத் தாண்டும்போது வீதியின் மற்றப் பக்கத்தால் நடக்கிறாள்.

முறை நல்லது, அதில் ஒரு குறையும் சொல்லமாட்டேன். ஆனால் நண்பா, உன் வீட்டுக்கு வருகிற ஒரே ஒருவர் "பரவாயில்லை" என்கிற ஆளாக இருந்தாலும் இதைத் தொடங்காதே. ஆட்கள் வந்தால் பின்வளவில் கட்டிவிடு. திரும்ப முதலிலிருந்து கிறுகி நிற்க எனக்கு இப்போது தெம்பில்லை.

நேற்று காக்கா கடப்படியில் நின்றபடியே, "நாய் கட்டியா கிடக்கு?" என்று கேட்டார். ஒரு வருடத்துக்கு மேல் அவர் கேட்காத கேள்வி. ஓம் என்றேன்.